வாசுகிக்குக் காவல் இருந்த கதை

கவிதை எழுதுகிறவனை நம்பி உயிருள்ள எதையும் ஒப்படைக்கக் கூடாது. இது என் கருத்தல்ல, என் மனைவி சுகந்தியின் கருத்து. அதற்கு அவளிடம் சான்றுகளும் உண்டு: பல்கனியில் நான் வளர்த்த தக்காளி, மகளின் தங்கமீன்கள், அயலவர் ஒருவர் விடுமுறைக்குப் போகும்போது தந்துவிட்டுப் போன கள்ளிச்செடி. (கள்ளியையுமா என்று கேட்காதீர்கள். தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டேன். அன்பு கூடிச் செத்த முதல் கள்ளி அதுவாகத்தான் இருக்கும்.) என் புத்தி ஓரிடத்தில் தரிக்காது. வானத்தில் ஒரு மேகம் தன்னந்தனியாகப் போனால் நானும் கூடப் போய்விடுவேன். ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் டிராம் ஓட்டுவது என் தொழில். தண்டவாளம் என்று ஒன்று இருப்பதால்தான் இந்த மனுசன் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருகிறான் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

அப்படிப்பட்ட என்னிடம், சில வருடங்களுக்கு முன், மழை விட்டும் விடாத ஓர் ஒக்டோபர் புதன்கிழமை, ஒரு பாம்பு வந்து சேர்ந்தது.

எங்கள் கட்டடத்தின் கீழே, கெல்லர் என்று இங்கே சொல்லும் நிலவறையில், எல்லோருக்கும் பொதுவாக உடுப்புத் தோய்க்கும் அறை இருக்கிறது. காலை வேலை முடித்து வந்து, சுகந்தி சொல்லிவிட்டுப் போனபடி உலர்த்தும் இயந்திரத்திலிருந்து துவாய்களை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். இயந்திரத்தின் பின்னால், சூட்டுக் குழாயோடு ஒட்டினாற்போல், செம்மஞ்சள் நிறத்தில் ஒரு இடுப்புப் பட்டி விழுந்து கிடந்தது. சுகந்தியின் பஞ்சாபி உடுப்புக்கு உரியதாக இருக்கும் என்று குனிந்து எடுத்தேன். பட்டி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

நான் அலறவில்லை. அலறுவதற்கு மூச்சு வேண்டும். கை தானாகத் திறந்தது. அது துவாய்க் கூடைக்குள் விழுந்து, இளஞ்சூட்டை உணர்ந்து, இதற்காகவே இவ்வளவு தூரம் வந்தேன் என்பதுபோல் மடிப்புகளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பக்கத்தில் கிடந்த இன்னொரு கூடையை மேலே கவிழ்த்து அதன்மேல் சவர்க்காரத் தூள் பெட்டியை வைத்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து என் இதயம் திரும்பி வரும்வரை காத்திருந்தேன்.

பொலிசுக்கு அழைத்தேன். அவர்கள் விலங்குக் காப்பகத்தின் இலக்கத்தைத் தந்தார்கள். அங்கே எடுத்த பெண் படம் அனுப்பச் சொன்னாள். பார்த்துவிட்டு, இது சோளப்பாம்பு, சொட்டு நஞ்சும் கிடையாது, இங்கே பலர் வீட்டில் வளர்க்கிறார்கள், யாரோ ஒருவரின் கண்ணாடித் தொட்டியிலிருந்து கிளம்பி வந்திருக்கும் என்றாள். ஆனால் அவர்களிடம் ஊர்வனவற்றுக்கான அறை நிரம்பிவிட்டது. திங்கட்கிழமை காலை ஒரு டெர்மின், அதாவது முன்கூட்டியே குறித்த நேரம், தரலாம். (இந்த நாட்டில் பாம்பும் டெர்மின் எடுத்துத்தான் வரவேண்டும்.) அதுவரை நீங்கள் வைத்திருப்பீர்களா, பாம்புகளோடு பழக்கம் உண்டா என்று கேட்டாள்.

"நான் இலங்கையில் பிறந்தவன்," என்றேன்.

இது அந்தக் கேள்விக்குரிய பதில் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் மறுமுனையில் குரல் சட்டென்று மரியாதையாகிவிட்டது. என் வீட்டுச் சுவரெல்லாம் நாகங்கள் தொங்குவதாக அந்தப் பிள்ளை நினைத்திருக்கவேண்டும். உண்மையில் பாம்புகளோடு என் பழக்கம் முழுவதும் ஓட்டத்தில் கழிந்தது. முன்னால் ஓடியது எப்போதும் நான்தான். மூடி உள்ள பெட்டி, காற்றுத் துளை, தண்ணீர், ஒளிந்துகொள்ள ஒரு இடம், ஒரு பக்கம் மட்டும் இளஞ்சூடு, இவ்வளவும் போதும், ஐந்தாறு நாள் சாப்பாடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றாள். நான் ஒரு மூத்த பாம்பாட்டியின் நிதானத்தோடு "ஓம், தெரியும்" என்று ஜெர்மனில் சொன்னேன்.

மாலையில் சுகந்தி வந்தாள். அவள் முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. நாள் முழுவதும் பெரிய உடம்புகளைத் தூக்கித் திருப்பித் தோள் நோவோடு வருகிறவள். வாசலிலேயே வைத்துச் சொன்னேன். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கும். அவள் கைப்பையைக் கீழே வைக்கவில்லை.

சுகந்தியின் பாம்புப் பயம் கூச்சல் போடுகிற பயம் அல்ல. பதினொரு வயதில், மேலே குண்டு போடும் விமானம் சுற்றிக்கொண்டிருக்க, வீட்டுக் கோடியில் வெட்டிய பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், இருந்தபோது அவளுடைய பாதத்தின்மேல் ஒன்று ஊர்ந்துபோய் எதிர் மூலையில் சுருண்டது. வெளியே போக முடியாது. உள்ளே இருக்கவும் முடியாது. விமானம் போகும்வரை அதுவும் அவளும் ஆளையாள் பார்த்தபடி இருந்திருக்கிறார்கள். (அதைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதினேன். நல்ல வரவேற்பு. சுகந்தி மட்டும் வாசிக்கவில்லை. எனக்குத்தான் கதை தெரியுமே என்றாள்.)

ஆகவே அவள் சண்டை பிடிக்கவில்லை. இரண்டு உடுப்பை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அவளுடைய தம்பி ரவியின் வீடு பக்கத்து நகரமான வுப்பர்டாலில். நகர ரயிலில் போய்விடலாம்.

"திங்கக்கிழமை அது போனாப்பிறகு சொல்லுங்கோ, வாறன்," என்றாள். சப்பாத்து நாடாவைக் கட்டியபடி, தலை நிமிராமல் சொன்னாள்: "ஒண்டு மட்டும். அது இந்த வீட்டுக்குள்ளை எங்கையாவது காணாமல் போச்சுதெண்டா நான் பிறகு இஞ்சை வரமாட்டன். கோவத்திலை சொல்லேல்லை. எனக்கு ஏலாது, அவ்வளவுதான்."

அவளுக்கு ஏலாது என்றால் ஏலாது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவள் அதிகம் பாவித்ததில்லை.

அடுத்தது மகள். மதுரா மியூன்ஸ்டர் நகரில் சட்டம் படிக்கிறாள். தொலைபேசியில் முகம் காட்டி, என்னை ஒரு சாட்சியை விசாரிப்பதுபோல் விசாரித்து, இணையத்தில் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தாள். குளிர்காலப் போர்வைகள் வைக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியைக் காலிசெய்து துளையிட்டேன். சப்பாத்துப் பெட்டியில் வாசல் வெட்டி உள்ளே வைத்தேன். இளஞ்சூட்டுக்கு, சுகந்தி தோளுக்கு வைக்கும் மின்சாரச் சூட்டுமெத்தை இருந்தது. நேரே வைத்தால் சூடு கூடிவிடும் என்று மதுரா சொல்ல, அதைச் சுகந்தியின் கம்பளிச் சால்வையில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்துக்குக் கீழே கொடுத்தேன். (அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

மூடிக்கு மேல் பாரம் வைக்கவேண்டும் அப்பா, பாம்பு மூக்காலை தள்ளித் திறக்குமாம் என்றாள். வீட்டில் பாரமான பொருளுக்குக் குறைவில்லை. என்னுடைய கவிதைத் தொகுதி, நானே செலவழித்து அச்சிட்டது, அலுமாரிக்கு மேல் கட்டுக் கட்டாக இருந்தது. இரண்டு கட்டுகளை இறக்கி மூடியின் இரு முனையிலும் வைத்தேன். என் எழுத்து ஒரு சமூகப் பயன்பாட்டுக்கு வந்த முதல் நாள் அது.

அதற்குப் பிறகு ஒன்றரை நாள் நன்றாகத்தான் போனது. வேலை முடிந்து வந்தால் பெட்டிக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு விரல் மொத்தம், அவ்வளவுதான் தடிப்பு; நீட்டிப் பிடித்தால் என் முழங்கையிலிருந்து விரல் நுனியைக் கொஞ்சம் தாண்டும். அந்திவெயில் பட்ட ஓட்டுக்கூரையின் நிறம். அதன்மேல் கறுப்பு மை தொட்டு ஓரம் கட்டிய செங்கல் நிறத் திட்டுகள். புரண்டால் வயிறு மட்டும் சதுரங்கப் பலகை. அது நகர்வதை நகர்வு என்று சொல்ல முடியாது. ஒரு வாக்கியம் தன்னைத் தானே வாசித்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. நாக்கை நீட்டிக் காற்றைத் தொட்டு உள்ளே இழுத்து யோசித்தது. அவசரமே இல்லை. வாழ்நாள் முழுவதும் ஒரு கதிரையில் ஒழுங்காக இருக்கத் தெரியாத நான், அதன் முன்னால் தேத்தண்ணீர் ஆறும்வரை அசையாமல் இருந்தேன். வாசுகி என்று பெயரும் வைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வியாழன் மாலை ஒரு நெடுங்கவிதை எழுதி, வாசுகியின் படத்தோடு முகநூலில் போட்டேன். 'எல்லை கடந்து வந்தவளே, உனக்கும் எனக்கும் ஒரே தோல்' என்று தொடங்கும். விருப்பங்கள் மளமளவென்று விழுந்தன. மதுரா மட்டும் உடனே அழைத்தாள்.

"அப்பா, அது எல்லை ஒண்டும் கடக்கேல்லை. பக்கத்து பில்டிங்கிலையிருந்து வந்திருக்கும். எல்லாத்தையும் பிடிச்சு அகதியாக்காதேங்கோ."

வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசல் மணி அடித்தது. பரமேஸ் அக்கா நின்றார். இரண்டு தெரு தள்ளி இருப்பவர், கோயிலில் பூமாலைக்குப் பொறுப்பு. குளித்து, ஈரத்தலையை முடிந்து, கையில் தட்டத்தோடு நின்றார். தட்டத்தில் ஒரு செம்பு பால், முட்டை, மஞ்சள், கற்பூரம், சாம்பிராணி, கொஞ்சம் பூ. பின்னால் வேறும் இரண்டு பெண்கள்.

"தம்பி, படத்தைப் பாத்தனான். நாகதம்பிரான் வெள்ளிக்கிழமையிலை வீட்டிலை வந்து நிக்கிறார். நீர் ஒரு விளக்குகூட ஏத்தேல்லையே."

அவருக்கு ஒரு கவலை இருந்தது. மகன் கார் ஓட்டும் பரீட்சையில் மூன்று தடவை தவறிவிட்டான். அடுத்த கிழமை நாலாவது தடவை.

நான் பகுத்தறிவுவாதி. மேடையில் பேசியிருக்கிறேன். அன்றைக்கும் சொல்லத்தான் வாயெடுத்தேன்: அக்கா, பாம்பு பால் குடிக்காது, இது அமெரிக்கப் பாம்பு, அதற்கு நம்முடைய சமயம் தெரியாது. ஆனால் அக்கா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, உம்முடைய கவிதையை வாசித்து அழுதுபோனேன் தம்பி என்றார். அவ்வளவுதான். என் பகுத்தறிவு கதவைத் திறந்துவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது.

சமையலறைச் சன்னலைத் திறந்தேன். பெட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். பூ வைத்தார்கள். பால் வைக்க மூடி திறக்கவேண்டும் என்று அக்கா என் கவிதைக் கட்டுகளைத் தூக்கினார். (ஒரு கட்டைத் தூக்கி, "என்ன பாரமப்பா" என்றார். அந்தத் தொகுதிக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம்.) பால் கிண்ணம் உள்ளே போனது. வாசுகி சப்பாத்துப் பெட்டிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, பாலைப் பார்த்து, பரமேஸ் அக்காவைப் பார்த்து, நாக்கை நீட்டியது. ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று ஒருவர் மெல்லச் சொன்னார். சாம்பிராணி புகைந்தது. தட்டத்தில் கற்பூரம் எரிந்தது. மூன்று பெண்களும் கண்ணை மூடித் தேவாரம் தொடங்கினார்கள். நல்ல குரல்கள். எனக்கே மயிர் சிலிர்த்தது.

இரண்டாவது வரியில் கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு சட்டப்படி இருக்கவேண்டும்; எங்கள் வீட்டில் அறைக்கு அறை ஒன்று. ஒன்று அலற, அடுத்த அறையில் உள்ளதும், அதற்கு அடுத்ததும். நான் கதிரையில் ஏறித் துவாயால் விசிறினேன். அக்கா கற்பூரத்தை அணைக்கக்கூடாது என்று தட்டத்தோடு பல்கனிக்கு ஓடினார். மற்ற இருவரும் சப்பாத்தைத் தேடினார்கள். கீழ்வீட்டு கிரூகர் அம்மா வந்து கதவில் தட்டினார். நெற்றியில் யாரோ பூசிவிட்ட திருநீற்றோடு, கையில் துவாயோடு நான் கதவைத் திறந்து, சமையல் என்றேன். அவர் மூக்கைச் சுருக்கி, என்ன சமையல் என்று கேட்டார். அதற்கு என்னிடம் ஜெர்மன் இல்லை.

எல்லோரும் போனபிறகு வந்து பார்த்தேன். மூடி சுவரோடு சாய்ந்து நின்றது. பால் அப்படியே இருந்தது. வாசுகி இல்லை.

அன்று மாலை நான் தேடிய இடங்களை நினைத்தால் இப்போதும் முழங்கால் வலிக்கிறது. கதிரை மெத்தைகள், புத்தக அலுமாரியின் பின்புறம், அரிசி வாளி, குளியல் தொட்டியின் பக்கப் பலகை, ஒவ்வொரு குளிர்க்கோட்டின் ஒவ்வொரு கை. சப்பாத்துகளுக்குள் கரண்டியை விட்டுப் பார்த்தேன். சாமித் தட்டில் படங்களைத் தூக்கிப் பார்த்தேன். "வாங்கோ, வாங்கோ" என்று விருந்தாளியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டேன். (பாம்புக்குக் காது கேட்காது என்று அதற்கு முதல்நாள்தான் மதுரா சொல்லியிருந்தாள். மரியாதை விட மனம் வரவில்லை.)

தேடத் தேட, சுகந்தி சப்பாத்து நாடா கட்டிக்கொண்டே சொன்னது காதுக்குள் நின்றது. வீடு அப்படியேதான் இருந்தது. அவளுடைய கண்ணாடி, கை துடைக்கும் துணி, பாதி வாசித்துக் கவிழ்த்த சஞ்சிகை எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. இந்தப் பொருட்களுக்கு நடுவே எங்கோ ஒரு விரல் மொத்தத்தில் ஒன்று படுத்திருக்கிறது. அது கிடைக்காவிட்டால் அவள் இந்தக் கதவைத் திறந்து வரமாட்டாள். ஒரு செம்மஞ்சள் கோடு எங்கள் வீட்டை இரண்டாக வகுத்துவிட்டது.

அவளை அழைத்துச் சொல்லிவிடலாம் என்று இலக்கத்தை அழுத்தினேன். அவள் எடுத்து, "என்ன, அது சுகமோ?" என்றாள். "சுகமாய் இருக்கு" என்றேன். பொய்கூட இல்லை, இருக்கலாம்தானே.

சனிக்கிழமை காலை மதுராவிடம் உண்மையைச் சொன்னேன். சட்டம் படிக்கிற பிள்ளை, முதலில் இணையத்தில் தேடினாள். பிறகு, தேடித் திரியாதேங்கோ, வீட்டுச் சூட்டைக் குறைச்சுவிட்டு நிலத்திலை ஒரு இடத்திலை மட்டும் சூடாய் ஏதாவது வையுங்கோ, தானாய் வரும் என்றாள். அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினேன். பொய் சாட்சி சொல்லமாட்டேன், ஆனால் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை என்றாள்.

அப்படியே செய்தேன். எல்லா வெப்பமூட்டிகளையும் அடைத்தேன். சால்வை சுற்றிய சூட்டுமெத்தையை வரவேற்பறையின் மூலையில், நிலத்தில் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு தூரத்தில் கதிரையில் உட்கார்ந்து காவல் இருந்தேன். சன்னலுக்கு வெளியே பிளாத்தான் மரம் இலையை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வோர் இலையும் எவ்வளவு யோசித்து விழுகிறது என்று பார்த்தேன். ஒரு வரி வந்தது. அதைப் பிடிக்க இன்னொரு வரி வந்தது. பேனா தேடப் போனேன். காவல் அவ்வளவுதான்.

மத்தியானம் தொலைபேசி அடித்தது. சுகந்திக்குத் தோள் நோ கூடிவிட்டது. ரவி டுசல்டோர்ஃபுக்குச் சாமான் வாங்க வந்திருக்கிறான், வீட்டுக்கும் வருவான், அவனிடம் வேலைச் சப்பாத்து, இரண்டு சட்டை, சூட்டுமெத்தை, கம்பளிச் சால்வை எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கோ என்றாள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே வாசல் மணி அடித்துவிட்டது.

ரவி உள்ளே வந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். குளிர்ந்து கிடக்கும் வீட்டையும் தலைகீழாய்க் கிடக்கும் கதிரைகளையும் பார்த்தால் கேள்வி கேட்பான். வாசலில் நில்லும், வாறன் என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டு, பயணப்பை ஒன்றை இழுத்து, சட்டையைத் திணித்து, சப்பாத்தைத் திணித்து, மூலைக்கு ஓடி, மெத்தையும் சால்வையும் வயரும் எல்லாமாக ஒரே கட்டாக அள்ளிச் சுருட்டி உள்ளே அமுக்கிச் சிப்பை இழுத்தேன். உடுப்பை மடித்து வைக்கவேண்டும் என்று சுகந்தி கல்யாணமான நாளிலிருந்து எனக்குச் சொல்லிவருகிறாள். மடித்திருந்தால் கண்டிருப்பேன்.

"என்னத்தான், உள்ளை விடமாட்டியளோ? பாம்புக்கு மரியாதையோ?" என்று ரவி சிரித்தான். பையைத் தூக்கிக்கொண்டு போனான். நான் கதவைச் சாத்தி நெஞ்சில் கை வைத்தேன், தப்பினேன் என்று. பிறகு பொறி வைத்த மூலைக்குத் திரும்பிப் போனேன். அங்கே பொறி இல்லை. அப்போதுகூட எனக்கு விளங்கவில்லை. ஐயோ, மெத்தை போய்விட்டதே, இனி எதைச் சூடாக வைப்பது என்று சுடுநீர்ப் போத்தல் தேடிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் சுகந்தி அழைத்தாள். குரல் தாழ்வாக இருந்தது. இல்லத்தில் முதியவர்களுக்கு மருந்து வாசித்துக் கொடுக்கிற குரல்.

"பாம்பு எங்கை?"

"பெட்டிக்குள்ளைதான். நல்ல நித்திரை."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"இப்பதான் பாத்திட்டு வாறன்."

எங்கோ ஒரு பிள்ளை ஓடும் சத்தம் கேட்டது.

"சரி," என்றாள். "அப்ப எனக்கு முன்னாலை இருக்கிறது ஆர்?"

நான் மெத்தை இருந்த வெறும் மூலையைத் திரும்பிப் பார்த்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் வைத்துவிட்டாள். திருப்பி அழைத்தேன், எடுக்கவில்லை. ரவியை அழைத்தேன். அவன் மூச்சிரைக்கக் கதைத்தான்: பனி அள்ளும் சவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன் அத்தான், ஒரே அடி, முடிந்திருக்கும், அக்கா என்னை அறைக்கு வெளியே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டா. பிறகு பையின் சிப்பை மூடிக்கொண்டு இறங்கிப் போய்விட்டா. காரில் கொண்டுபோய் விடச் சொன்னவா; பாம்பை என்ர காரிலை ஏத்தேலாது எண்டன், ஒண்டும் சொல்லாமல் நடந்திட்டா.

"எங்கை போனவ?"

"எனக்கென்ன தெரியும். ரயிலுக்குத்தான்."

நான் வாழ்க்கையில் எத்தனையோ பேரை நிறுத்தங்களில் பார்த்திருக்கிறேன். மழையில் நனைந்தவர்களை, பூச்செண்டோடு நின்றவர்களை, வராதவருக்காக ஒரு டிராமைப் போகவிட்டவர்களை. அன்று பின்னேரம் நான் வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். பாம்பைப் பற்றி நினைக்கவில்லை. அது வரும் என்று தெரியும், கூட யார் வருவார்கள், வந்து எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்பதுதான் தெரியவில்லை.

வந்தாள். பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். தூங்கும் குழந்தையைக் கொண்டு வருவதுபோல், குலுங்காமல். என்னைத் தாண்டி உள்ளே போய், மேசையில் வைத்தாள்.

"உங்கடை சாமான்."

சிப்பைத் திறந்தேன். சால்வை மடிப்புக்குள் வாசுகி, உலகத்தில் ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது. பெட்டிக்குள் விட்டு மூடி, இரண்டு கட்டுகளும் போதாதென்று தொகுதியின் மிச்சப் பிரதிகளையும் ஏற்றினேன். சுகந்தி கோட்டைக் கழற்றாமல், குளிர்ந்த அறையில், தலைகீழாய்க் கிடந்த கதிரை ஒன்றை நிமிர்த்தி இருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நீளமாகத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சால்வையை இழுக்கக் கையிலை பட்டுது," என்றாள். "கத்த வாய் வரேல்லை. அதுவும் அசையேல்லை. பிறகு பாக்கிறன், கதவு திறந்து கிடக்கு. பங்கருக்குள்ளை எனக்குப் போக இடமிருக்கேல்லை. இஞ்சை நான் எழும்பிப் போகலாம். போகலாம் எண்டு தெரிஞ்சாப்பிறகு, போகாமல் இருந்து பாத்தன். சின்னன், என்ன? அண்டைக்கு எனக்கு எவ்வளவு பெரிசாய் இருந்தது."

நான் வாயைத் திறந்தேன்.

"இதைக் கவிதையாக்கினீங்களெண்டா உங்களையும் பெட்டிக்குள்ளை போட்டு மூடுவன்," என்றாள். பிறகு எழும்பி வெப்பமூட்டியைத் திறந்துவிட்டு, தோளுக்குச் சூட்டுமெத்தையை வைத்துக்கொண்டாள். அதற்கு முதல் அதை மூன்று தடவை உதறினாள்.

திங்கட்கிழமை காப்பகத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். உரிமையாளரைக் கண்டுபிடித்திருந்தார்கள். மதுரா சொன்னபடி பக்கத்துக் கட்டடம்தான். தாடியும், கழுத்துவரை பச்சை குத்திய கைகளுமாக ஒரு பென்னம்பெரிய இளைஞன். பெட்டியைக் கண்டதும் முழங்காலில் விழுந்து, "குன்ரர், என் குட்டிக் குன்ரர்" என்று கொஞ்சினான். வாசுகி ஆண். குன்ரர் என்ற பெயர் இங்கே ஓய்வூதியம் எடுக்கும் வயதுக் கிழவர்களுக்குத்தான் இருக்கும். பெட்டியின் ஓரத்தில் காய்ந்திருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் காட்டி, இது என்ன என்று கேட்டான். சுகந்தி முந்திக்கொண்டு, மரியாதை என்றாள்.

பரமேஸ் அக்காவின் மகன் அந்தக் கிழமையே பரீட்சையில் தேறிவிட்டான். பாம்பின் உண்மைப் பெயரை அக்காவிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் தளரவில்லை. கோயிலில் காணும்போதெல்லாம், "தம்பி, குன்ரர் சுகமோ?" என்று கும்பிடுகிற தோரணையில் கேட்கிறார்.

சென்ற வருடம் சுகந்தி தமக்கையின் மகளின் கல்யாணத்துக்கு ரொறன்ரோ போனாள். வேலை விடுப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அவளுக்குக் கடைசி நாள்வரை இரவு வேலை. ஆகவே வேறு வழியில்லாமல் பெட்டியை நான் அடுக்கினேன். ஒவ்வொன்றையும் மடித்தேன். மடித்ததை உதறி மறுபடி மடித்தேன். விமான நிலையத்தில், கருமமே கண்ணான ஒரு பெண் அதிகாரி, வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?

சுகந்தி என்னைப் பார்த்தாள். பிறகு தெளிவான ஜெர்மனில், "இல்லை, என் கணவர்," என்றாள். அதோடும் விடவில்லை. "தயவுசெய்து திறந்து பாருங்கள். நானும் பார்க்கவேண்டும்."

திறந்தார்கள். பின்னால் வரிசை நீண்டது. கூறைச்சேலை, பலகாரம், மிளகாய்த்தூள், ஒவ்வொன்றாக வெளியே வந்து மேசையில் ஏறியது. என்னதான் எதிர்பார்க்கிறீர்கள் என்று அதிகாரி என்னிடம் கேட்டாள். ஒரு கணவன் அந்த இடத்தில் சொல்லக்கூடாத சொல் எது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிப் பழகவேண்டும் என்று அண்மைக்காலமாக வீட்டில் ஒரு கண்டிப்பு. "பாம்பு," என்றேன்.

எங்களைத் தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். விமானத்தைப் பிடித்துவிட்டாள், மயிரிழையில். அந்த அறையில், இரண்டு அதிகாரிகளுக்கு முன்னால், நான் முதலிலிருந்து கதையைச் சொல்லச் சொல்ல, சுகந்தி பக்கத்துக் கதிரையில் இருந்து, நான் விட்ட இடங்களையெல்லாம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.